நாம்குந்தாவின் மரியாதை

இங்குன் என்ற வெள்ளைக்காரப் பெண் எங்கள் முதியோர் இல்லத்தில் வந்து இறங்கிய காலையில், நானும் நாம்குந்தாவும் சமையலறை வாசலில் உட்கார்ந்து மத்தியானத்துக்கான பீன்ஸில் கல் பொறுக்கியபடி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பேச்சு நன்றாகச் சூடு பிடித்திருந்தது.

"நேத்து ராத்திரி உன் குறட்டை திடீர்னு நின்னு போச்சு. சரி, ஒழிஞ்சான்னு சந்தோஷமா எழுந்து வந்து பார்த்தேன்," என்றாள் நாம்குந்தா. "காதுகிட்ட போட்டுப் பார்க்கத்தான் கையில காசு இல்லாமப் போச்சு."

சக்காக்காரர்களைப் பற்றிப் பாரேக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் கேலி அது. சக்காக்காரர் செத்துவிட்டாரா என்று பார்க்க டாக்டர் வேண்டாமாம். காதோரம் ஒரு காசைத் தரையில் போட்டால் போதுமாம். அந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை என்றால்தான் புதைக்கலாமாம். அவள் பாரே இனத்துக்காரி, நான் சக்கா இனத்துக்காரி. விடுவேனா?

"காசு இருந்தா மட்டும் போட்டிருப்பியாக்கும்," என்றேன். "உத்தரத்துல ஒரு கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்த்துக்கிட்டே வெறுங்களியை முழுங்குற கூட்டம் உங்களது. உன் கையிலேருந்து காசு கீழ விழணும்னா விரலை வெட்டித்தான் எடுக்கணும்."

நாம்குந்தா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த பீன்ஸ் பாதி மண்ணில் கொட்டியது. அப்போதுதான் மேட்ரனின் ஜீப் வந்து நின்றது. சோளக் குஞ்சத்தின் நிறத்தில் தலைமுடியும், முதுகை விடப் பெரிய பையுமாக ஒரு பெண் இறங்கினாள். எங்களைப் பார்த்ததும் கை இரண்டையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். நேராக நாம்குந்தாவிடம்தான் போனாள். நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் இல்லம் ஹிமோ ஊரைத் தாண்டி, சமவெளியில், தேவாலயத்தார் நடத்துவது. ஒரு பக்கம் பாரேக்காரர்களின் குன்றுகள் தெரியும். மறுபக்கம், மேகம் விலகினால், எங்கள் பெரிய மலை. நான் அந்த மலையிலிருந்து வந்தவள், பெயர் ஐகாண்டே. பிள்ளை குட்டி இல்லை. நாம்குந்தாவுக்கு ஒரு மகன் உண்டு. கல் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். இங்கே வந்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

பாரே, சக்கா என்ற எங்கள் இரண்டு இனங்களுக்கும் கேலிமுறை. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி பேசலாம். கோபப்படக் கூடாது. அது மட்டுமில்லை, சாவு வீட்டில் கேலிமுறைக்காரருக்கு வேலை இருக்கிறது. வெட்டிய குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, இந்த இடம் எனக்கு என்று மறிக்க வேண்டும். செத்தவரின் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் நடந்த நடையை நடந்து காட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். யார் முதலில் போனாலும் மற்றவள் இதைச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். எனக்கு அழ ஆள் கிடையாது. திட்டவாவது ஒருத்தி இருக்கிறாள் என்ற தெம்பில்தான் நான் இருந்தேன்.

கேலிமுறைக்காரி மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் உறவு அற்றுப்போயிற்று என்று அர்த்தம். இதையும் சொல்லி வைக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. சுவருக்கு வர்ணம் அடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அடுத்து வந்தவர்கள் அதே சுவருக்கு வேறு வர்ணம் அடித்தார்கள். ஒரு பையன் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொன்னான். வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், போகும்போது அழுவார்கள். நாங்கள் தட்டிக்கொடுத்து அனுப்பி வைப்போம்.

நார்வேக்காரி இங்குன் அந்த ரகம் இல்லை. அவள் வர்ணம் எதையும் தொடவில்லை, எங்களைத் தொட்டாள். காலையில் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் வெந்நீர் வாளியோடு வந்து யாருடைய காலையாவது கழுவ ஆரம்பித்துவிடுவாள். நகம் வெட்டுவாள். முடிச்சு விழுந்த தலையைச் சிக்கெடுப்பாள். எங்கள் பேச்சைத் தன் ஊரிலேயே பாதி கற்றுக்கொண்டு வந்திருந்தாள், மீதியை எங்களிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கினாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

நாம்குந்தாவின் கை விரல்கள் வாதத்தில் கோணி, வேர் மாதிரி முறுக்கிக் கிடக்கும். குளிர் காலத்தில் வலி தாங்காமல் கக்கத்தில் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கையைப் பார்த்த நாளிலிருந்து இங்குன் அதை விடவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நீல மூடி போட்ட பாட்டிலிலிருந்து களிம்பை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பாள். நாம்குந்தா கண்ணை மூடிக்கொண்டு முனகுவாள். தேய்த்து முடிந்த பிறகும் அந்தப் பெண் கையை விடமாட்டாள். இரண்டு பேரும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. யாரைப் பார்த்து எரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாம்குந்தாவைச் சிரிக்க வைப்பது என் வேலை. அதை ஒருத்தி களிம்பைத் தடவியே செய்துவிட்டாள். போகட்டும், என் முழங்காலையாவது பார்க்கட்டும் என்று ஒரு நாள் நொண்டிக்கொண்டே அவள் எதிரில் இரண்டு தடவை நடந்தேன். இங்குன் ஓடி வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு சிவப்பு பலூனைக் கொடுத்துவிட்டு, திரும்ப நாம்குந்தாவிடம் போய்விட்டாள். பலூனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மத்தியானம் வரை மடியில் வைத்திருந்தேன்.

மழை தொடங்குவதற்கு முந்திய குளிரில் நாம்குந்தாவுக்கு இருமல் வந்தது. இங்குன் தேன் கலந்த வெந்நீரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் என் கட்டிலில் படுத்தபடியே, வழக்கம் போல, சீக்கிரம் முடிக்கச் சொன்னேன். "சும்மா இருமி இருமி இழுத்தடிக்காத. போர்வை எனக்கு, தலையணை எனக்கு. நீ போனதும் ஜன்னல் பக்கம் நான் படுத்துக்குவேன்," என்றேன்.

மற்ற நாளாக இருந்தால் நாம்குந்தா என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பாள். அன்றைக்கு இருமல் அவளைப் பேச விடவில்லை. மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இங்குன் பார்த்தது அந்தக் கண்ணீரைத்தான். நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் அவளுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் வினை. முகம் சிவந்து, தம்ளரை அப்படியே வைத்துவிட்டு மேட்ரன் எலினீமாவிடம் ஓடினாள்.

என்னையும் நாம்குந்தாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதியோர் இல்லங்களில் வாயுள்ள ஒருத்தி வாயில்லாத ஒருத்தியைத் துன்புறுத்துவது நடக்கும் என்று இங்குனுக்கு அவள் ஊரில் பாடமே நடத்தி அனுப்பியிருக்கிறார்களாம். மேட்ரன் பாரேக்காரி. சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, இது எங்கள் ஊர் விளையாட்டு, முறை என்றெல்லாம் எடுத்துச் சொன்னாள். இங்குன் கேட்டுக்கொண்டாள். ஆனால் துன்புறுத்துகிறவர்கள் எல்லோருமே விளையாட்டு என்றுதான் சொல்வார்கள் என்று பதில் சொன்னாள். பிறகு நாம்குந்தாவின் தோளில் கையை வைத்து, இவர்கள் பேசுவது உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்டாள்.

ஒரு வார்த்தை போதும். இவள் என் கேலிமுறைக்காரி என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நாம்குந்தா என்னைப் பார்க்கவில்லை. களிம்பு மினுமினுக்கும் தன் கையையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அன்று மத்தியானமே அவளுடைய கட்டிலைக் கோடி அறைக்கு மாற்றினார்கள். இங்குன் ஊருக்குத் திரும்பும் வரைக்கும் கொஞ்சம் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லி மேட்ரன் என்னிடம் தனியாகக் கெஞ்சினாள். இங்கே பெரியவர்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று அந்தப் பெண் ஊருக்கு எழுதிவிட்டால் யார் பதில் சொல்வது என்றாள். நானும் சரி என்றேன். மேட்ரன் கெஞ்சியதற்காக இல்லை. நாம்குந்தா எத்தனை நாள் தாங்குவாள், நாளைக்கே சுவர் ஓரமாக வந்து திட்டிவிட்டுப் போவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கஞ்சிக்கு வந்தவள் என் முன்னால் நின்று, லேசாகத் தலையைக் குனிந்தாள்.

"வணக்கம், ஐகாண்டே அம்மா. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

ஊர் பேர் தெரியாதவளிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். சரி, இங்குன் பக்கத்தில் இருக்கிறாள், நடிக்கிறாள் என்று பார்த்தால், இங்குன் அங்கே இல்லவே இல்லை. நான் கருவாட்டுப் பேச்சை எடுத்தேன். ஒரு கோழிக்காக மாட்டை விற்று வழக்காடப் போகும் பாரேப் புத்தியை எடுத்தேன். நாம்குந்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடவுள் உங்களுக்கு நல்ல நாளைக் கொடுக்கட்டும் என்று சொல்லிப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் அதே மரியாதைதான். கோடி அறையிலிருந்து அவள் சிரிப்பு மட்டும் கேட்கும். அந்தச் சிரிப்புக்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த கிழவி நல்லவள், காதுதான் கேட்காது. அவளைத் திட்டி என்ன பிரயோசனம்?

ஒரு மத்தியானம் தண்ணீர்த் தொட்டியடியில் நாம்குந்தாவைத் தனியாக மடக்கினேன். சுற்றிலும் யாருமில்லை. என்னடி இது, அந்த வெள்ளைக்காரி உனக்கு வசியம் வைத்துவிட்டாளா என்று கேட்டேன். அவள் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க. இதை மடக்க முடியுது இப்போ. ராத்திரி தூங்குறேன். எத்தனை வருஷமாச்சு தெரியுமா நான் தூங்கி? உங்ககூடப் பேசுறதைப் பார்த்தா அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படுது. எனக்கு இந்தக் கை வேணும், அம்மா."

"யாரும் இல்லாதப்பவாவது திட்டேன்டி."

"பழகிட்டா அவ முன்னாடியும் வாயில வந்துடும்."

"அவ இருக்கும்போதே நான் போயிட்டா? என் குழிக்குள்ள யாருடி இறங்குவா?"

நாம்குந்தா வாளியைத் தொட்டியில் முக்கினாள். "ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். நீண்ட ஆயுசாம். நாம்குந்தா எனக்கு நீண்ட ஆயுசு கேட்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. கூடவே எனக்குக் காய்ச்சலும் வந்தது. மலேரியா எனக்கு விருந்தாளி மாதிரி, வரும், இரண்டு நாள் இருக்கும், போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. நோயாளி அறைக்கு மாற்றி, கையில் ஊசியைக் குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். அவர் வாசலில் நின்று மேட்ரனிடம் தணிந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

இங்குன் என் பக்கத்திலேயே இருந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். வாந்தியைத் துடைத்தாள். பிறகு, கேட்காமலே, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீல மூடியைத் திறந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்படி ஒரு கை அது. அழுத்தமும் இல்லை, பட்டும் படாமலும் இல்லை. எலும்பு வரைக்கும் சூடு போனது. நாம்குந்தா ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் இது அவளுக்குத் தினமும் இரண்டு வேளை கிடைத்திருக்கிறது, எனக்கு ஒரு பலூன் என்று நினைத்தபோது, அந்தக் காய்ச்சலிலும் வயிறு எரிந்தது.

நான் பிழைக்கமாட்டேன் என்று இங்குன் நம்பிவிட்டாள் போலிருக்கிறது. சாகிறவர்கள் பகையோடு சாகக் கூடாது என்று மறுநாள் மத்தியானம் நாம்குந்தாவைக் கூட்டி வந்தாள். மேட்ரனும் கூட வந்தாள். செருப்புச் சத்தத்திலேயே நாம்குந்தா வருவது எனக்குத் தெரிந்துவிட்டது. இடது காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். அவளுடைய குழியோரம் நடந்து காட்டுவதற்காக நான் எத்தனையோ நாள் பழகி வைத்திருந்த நடை.

கண்ணை மூடிக்கொண்டேன். திறக்கத் தெம்பு இருந்தது. ஆனால் திறக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். என் பிணத்துக்கு முன்னால் இவள் என்ன செய்யப் போகிறாள் என்று உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொண்டுவிடுவோம். ஜெபம் செய்தால் செத்தே போய்விடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலி இழுபட்டது. "ஐகாண்டே அம்மா," என்றாள் நாம்குந்தா. "கண்ணைத் திறங்க."

நான் அசையவில்லை.

இங்குன் மெதுவாக, இவர்களை மன்னித்துவிட்டதாகச் சொல்லுங்கள், இவர்களுக்குக் காது கேட்கும் என்றாள். நாம்குந்தா மூக்கை உறிஞ்சினாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழுகிறாளோ என்று எனக்குப் பயம் வந்தது. அழுதுவிட்டால் எல்லாம் முடிந்தது.

பிறகு துணி உரசும் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே தெரிந்தது, இடுப்பில் சுற்றிய காங்காத் துணியின் முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறாள். கோணல் விரலுக்கு அந்த முடிச்சு லேசில் அவிழாது. பல்லால் கடித்து இழுத்தாள். இங்குன் ஏதோ புரிந்துகொண்டு, பணம் வேண்டுமா, என்னிடம் இருக்கிறது, எதற்கு என்று கேட்டாள். அவள் பர்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது.

"உன் காசு வேணாம்மா," என்றாள் நாம்குந்தா. "இதுக்கு அது ஆகாது. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

என் காதுக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், காசு விழுந்தது. விழுந்து, எழும்பி, சுழன்று சுழன்று என் கட்டில் காலில் முட்டி நின்றது.

ஒரு பாரேக்காரி தன் காசைத் தன் கையாலேயே கீழே போட்டாள். விரலை யாரும் வெட்டவில்லை.

நான் என்ன செய்வது? கண்ணைத் திறக்காமலே, ஊசி குத்தாத கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுத் துழாவினேன். "என் பக்கம் விழுந்தது, எனக்குத்தான்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் நாம்குந்தாவுக்குக் கேட்டது.

"இது போகாது," என்றாள் அவள் மேட்ரனிடம். "பாட்டிலைக் கழட்டுங்க, மருந்து தண்டம். இவளாவது காசை விட்டுட்டுப் போறதாவது. அடியே கொள்ளிவாயே, மூணு நாளா உனக்காக நான் களி முழுங்கலை, தெரியுமா? கருவாட்டைப் பார்த்துக்கூட இறங்கலை."

மேட்ரன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கண்ணைத் திறந்தேன். நாம்குந்தாவின் முகம் முழுக்கத் தண்ணீர். இந்தத் தடவை இருமல் இல்லை. நானும் அவள் பாட்டனில் ஆரம்பித்து, குன்றுகளில் உள்ள மொத்தப் பாரேக் கூட்டத்தையும் மூச்சு வாங்க வாங்கத் திட்டினேன்.

இங்குன் கட்டிலின் கால்மாட்டில் பர்ஸைத் திறந்தபடி நின்றிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பக்கத்து அறையில் யாரோ சிரிக்கும்போது கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளின் முகம். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவள் மோசமில்லை. சாயங்காலம் வழக்கம் போலப் பாட்டிலோடு வந்து நாம்குந்தாவின் கையைத் தேய்த்தாள், என் கட்டிலில் உட்கார்ந்து. நாங்கள் அவள் தலைக்கு மேலேயே திட்டிக்கொண்டோம். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. மழை ஓய்ந்ததும் ஊருக்குப் போனாள். போகும்போது அழுதாள். முதலில் நாம்குந்தாவைத்தான் கட்டிக்கொண்டாள், அதையும் நான் கவனித்தேன்.

நாம்குந்தாவின் கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நீல மூடிப் பாட்டிலை இங்குன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் நான்தான் தேய்க்கிறேன். நாம்குந்தா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண் தேய்த்தால் தூக்கம் வரும், நீ தேய்த்தால் தோல்தான் வருகிறது என்கிறாள். ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. இன்னும் அழுத்தித் தேய்க்கிறேன்.

அந்தக் காசைத் திருப்பிக் கேட்டு உயிரை எடுக்கிறாள். கோர்ட்டுக்குப் போவாளாம். மாட்டை விற்றுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். காசு என் காங்கா முனையில் இறுக்கி முடிந்திருக்கிறது. நான் போகும் நாளில் அதை அவள்தான் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டும். அவிழ்த்து, என் காதோரம் இன்னொரு தடவை போட வேண்டும். அதுவரை தருவதாக இல்லை.